கள்ளு விடாத அப்பம்

எங்கட வீட்டு மாவுக்குக் கள்ளு விடுறேல்லை.
பதினொரு வருசமா
இளநீரும் ஒரு பிடி பழஞ்சோறும்.
சுகிர்தா அரைச்சுக் கரைச்சு
பழைய சீலைத்துண்டால சட்டியின்ர வாயைக் கட்டி வைப்பாள்.
விடியப் பொங்கியிருக்கும்.
பொங்காத நாளில அதுக்குப் பேர் தோசை.

விசுவமடுவில இருந்து சைக்கிளில வாற கள்ளுக்காரர்
எங்கட படலையில மட்டும் மணி அடிக்கிறேல்லை.
ஆரும் அவருக்குச் சொன்னதில்லை.
ஊருக்குத் தெரிஞ்சதுகள் இப்பிடித்தான்,
பேசாமல் எங்களைத் தாண்டி மிதிச்சுக்கொண்டு போகும்.

நான் குடிச்சது கள்ளில்லை. கசிப்பு.
ஸ்பிரைட் போத்தலில,
குரக்கன் சாக்குக்குள்ள,
பிறகு மாட்டுக்கொட்டில் கூரைக்குள்ள,
கடைசியில ஒளிக்கவுமில்லை.
தறப்பாளுக்குக் கீழ இருந்த காலத்தில
இரவுக்கு நித்திரை வேணுமெண்டு தொடங்கினது.
பகல்களும் வந்து வரிசையில நிண்டுது.

டிலக்சிகாவுக்கு அப்ப மூண்டு வயசு.
படுக்க முன்னம் என்ர நாடியைப் பிடிச்சுத் திருப்பி
வாயை மணந்து பாப்பாள்.
மணந்தால் சுகிர்தாவின்ர பாய்.
மணக்காட்டி என்ர பாய்.
ரெண்டு பாய்க்கும் நடுவில ஒரு முழம் நிலம்.
அந்த ஒரு முழத்தைக் கடக்க
எனக்கு ரெண்டு வருசம் எடுத்தது.

கணக்கெடுக்க வந்த பெடியன்
'பெண் தலைமைத்துவக் குடும்பம்' எண்டு எழுதிப்போட்டு
ஆர் தலைவி எண்டு கேட்டான்.
நாங்கள் ரெண்டு பேரும் ஆளையாள் காட்டினம்.
பேனையைக் கடிச்சான். தேத்தண்ணி குடிச்சான்.
உறவுமுறைக் கட்டத்துக்குள்ள
'தெரிந்தவர்' எண்டு எழுதினான்.

தெரிஞ்சவள்தான்.
என்ர சத்தியை மண் போட்டு மூடினவள்.
கசிப்பு விக்கிறவளின்ர வாசலில போய்
'இனி இவளுக்குக் குடுத்தியெண்டா குடத்தை உடைப்பன்'
எண்டு கத்திப்போட்டு
அண்டைக்கு முழுக்க வெக்கத்தில படுத்துக் கிடந்தவள்.
மழை வாறதுக்கு முதல் நாளே
என்ர இடது தோள் நோகுமெண்டு தெரிஞ்சவள்.

வீட்டுத்திட்டத்தோட ரெண்டு தென்னம்பிள்ளை தந்தவங்கள்.
ஒண்டைச் செவ்வண்டு திண்டுட்டுது.
மற்றது ஏழாம் வருசம் பாளை விட்டுது.
சீவக் கேட்டு ஒருத்தர் வந்தவர்.
அது பூக்கட்டும் எண்டன்.

இப்பவும் மாரியின்ர முதல் இடிக்கு
நாக்கு எழும்பி இருந்து கேக்கும்.
அந்த நேரம் சுகிர்தா ரேடியோவைக் கூட்டி வைப்பாள்.
குசினிக்குள்ள ஆடுவம்.
வெறியில்லாமல் ஆடினால் காலுக்கு வெக்கம் வருமெண்டு
முந்தி நினைச்சிருந்தன்.
வரும்தான்.
அவள்ர காலையும் ரெண்டு தரம் மிதிச்சிருக்கிறன்.

போன கிழமை டிலக்சிகா, இப்ப பதினாறு,
கூடப் படிக்கிறவள் வீட்டில சாப்பிட்டுட்டு வந்தாள்.
'அம்மா, அவையின்ர அப்பம் புளிச்சுப்போச்சு.
பாவமெண்டு நான் சொல்லேல்லை.'

சுகிர்தா சிரிச்ச சிரிப்பில
தாச்சியில கையைச் சுட்டுக்கொண்டாள்.
நான் பலகையை இழுத்துப்போட்டு இருந்தன்.
பிள்ளை, அப்பமெண்டால் கள்ளு விடுறது.
நாங்கள் விடாததுக்கு ஒரு காரணம் இருக்கு.
அதோட இன்னொண்டும் சொல்லவேணும்,
சுகியும் நானும்...

'ரெண்டும் தெரியும்,
அப்பம்தான் தெரியாது' எண்டாள்,
பாலப்பத்தின்ர கரையை மட்டும் பிச்சுத் திண்டுகொண்டு.

எத்தினை இரவு ஒத்திகை பாத்த வசனங்கள்.
ஒண்டும் தேவைப்படேல்லை.
கொஞ்சம் கோவமாயும் இருந்தது.

ரியூசனுக்கு நேரம் போட்டுதெண்டு எழும்பினவள்
சைக்கிளை மதிலில சாத்திப்போட்டுத் திரும்பி வந்தாள்.
நாடியைப் பிடிச்சுத் திருப்பி
மூக்கை வைச்சுக் கொஞ்சினாள்.
வைச்ச இடம் அதே இடம்.

'என்னடி மணக்குது?'

'தேங்காய்ப்பால்.'